உண்ணுதலும் கல்வியே

மேற்குத் தொடர்ச்சி மலையின் அரவணைப்பில் விரிந்து கிடப்பது தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு. 1895 ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற முல்லைப்பெரியாற்று அணையின் நீர் பாய்வதால், நெல்லும் வாழையும் திராட்சையும் ஆங்கு மலிந்துள்ளன. எனினும், வளமிக்க இவ்வூர்களிலும், பிற ஊர்களிற்போலவே, ஒரு வாய்ச் சோற்றையும் விழுங்க இயலாது வருந்தும் குழந்தைகள் சிலர் உளர். அவர்கட்குக் குறை உணவில் இல்லை. உண்ணும் ஆற்றலில் உள்ளது.

உண்ணுதல் எளிய செயல் என்றே பலரும் கருதுவர். ஆயின், இதழ்கள் மூடவேண்டும்; தாடை மெல்லவேண்டும்; நா உணவைத் திரட்டிப் பின்னே தள்ளவேண்டும்; அக்கணமே மூச்சுக்குழலின் வாயும் அடைபடவேண்டும். பெருமூளை வாதம் முதலியவற்றால் வளர்ச்சி தாமதமுற்ற குழந்தைகட்குத் தசைகள் இறுகியோ தளர்ந்தோ இருத்தலால், இவ்வொழுங்கு குலைவதுண்டு. உணவு மூச்சுக்குழலுள் புகுந்தால் மூச்சுத் திணறலும் நுரையீரல் அழற்சியும் நேரலாம். சில குழந்தைகட்கு உணவு நாவிற் படுதலே பெருந்துன்பமாகும். ஆதலின், குழந்தை வாயை இறுக மூடிக்கொள்ளுதல் பிடிவாதமன்று. தன் துன்பத்தை அது அறிவிக்கும் மொழியாகும்.

இதனை அறியாதார், குழந்தையை மடியில் மல்லாக்கக் கிடத்தி, மூக்கைப் பிடித்துச் சங்கினால் கஞ்சியை ஊற்றுவர். அன்பினாற் செய்யினும் இஃது உயிர்க்கு ஊறு விளைக்கும்.

குழந்தையை நிமிர்ந்து உட்காரவைத்தலே முதற்படி. தலை சற்றே முன் சாய்ந்திருத்தலும், பாதங்கள் ஊன்றியிருத்தலும் நன்று. ஊட்டுவோர் எதிரே, குழந்தையின் முகமட்டத்தில் அமர்தல் வேண்டும். சிறிய தட்டைக் கரண்டியில் சிறிதளவே எடுத்து, நாவின் நடுவில் மெல்ல வைத்து, இதழ்கள் மூடும்வரை பொறுத்திருக்கவேண்டும். முன்னது உள்ளே சென்றபின்னரே அடுத்த வாய் ஊட்டலாம். நீர்த்த உணவு தொண்டைக்குள் விரைந்து பாய்வதால், மசித்த வாழைப்பழம், கெட்டியான கேழ்வரகுக் கூழ் போன்றவை சிலர்க்கு எளியனவாகும். எக்குழந்தைக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவரே வரையறுப்பர். பின்னர், குழைந்த சோறு, மெல்லும் உணவு எனப் படிப்படியாக உயர்த்துவர். திராட்சையை முழுதாகக் கொடுத்தல் ஆகாது. அது தொண்டையை அடைத்துவிடும். உண்டபின் அரைமணி நேரமேனும் குழந்தையைப் படுக்கவிடலாகாது.

உணவைத் தீண்டவே அஞ்சும் குழந்தையை, முதலில் அதனைக் கையால் அளைந்து விளையாடவிடுவர். உணவை அளைந்து உடலெங்கும் பூசிக்கொள்ளும் மழலையின் அழகைப் பாண்டியன் அறிவுடை நம்பி புறநானூற்றில் போற்றியுள்ளான். அம்மன்னன் இன்பமெனக் கண்டதை இன்றைய மருத்துவம் பயிற்சியாகவும் கொள்கிறது.

2013 ஆம் ஆண்டில் நடுவண் அரசு தொடங்கிய சிறார் நலத்திட்டம், வளர்ச்சித் தாமதத்தை இளமையிலேயே கண்டறிந்து, மாவட்ட மையங்களில் பயிற்சியளிக்க வகை செய்தது. உண்ணும்போது அடிக்கடி இருமுதல், எடை குறைதல், மீண்டும் மீண்டும் சளியும் காய்ச்சலும் வருதல் ஆகியவை தோன்றின், காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடல்வேண்டும். க. விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அம்மாவட்டத்தார்க்கு அண்மையில் உள்ளது.

எழுதப் பயிலும் குழந்தையின் கையை ஆசிரியர் பொறுமையுடன் பிடித்து நடத்துவார். உண்ணப் பயிலும் குழந்தைக்கும் அத்தகைய பொறுமையே வேண்டும். அதனை அளித்தல் பெற்றோர்க்கு மட்டுமன்றி, உடன்பிறந்த அண்ணனுக்கும் அக்காளுக்கும் உரிய கடமையாகும்.