மலைச்சரிவில் வீடா? மழைத்தண்ணீருக்கு வழி விடுங்கள்!

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் மும்பைக் குன்றுச் சரிவுகளில் குடியிருப்போருக்குத் தூக்கம் போய்விடும். காட்கோபர், விக்ரோலி, பாண்டூப், செம்பூர், மலாட் பகுதிகளில் குன்றை ஒட்டி நெருக்கமாக எழுந்துள்ள வீடுகளில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களும் இருக்கின்றன. நகையை அடகு வைத்து, சீட்டுப் பணம் எடுத்து எழுப்பிய வீடுகள் அவை. பின்பக்கம் குன்று; முன்பக்கம் குறுகிய சந்து; தலைக்கு மேல் மழை!

பாளையங்கோட்டையில் ஓராண்டு முழுவதும் பெய்யும் அளவு மழை, மும்பையில் ஜூலை ஒரு மாதத்திலேயே கொட்டிவிடும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தது. பத்தடிக்குப் பத்தடி கூரை ஒன்றின் மேல் மட்டும் அன்று விழுந்த தண்ணீர் எட்டாயிரம் லிட்டருக்கு மேல்!

2000 ஜூலை 12 அன்று காட்கோபரில் குன்று சரிந்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 ஜூலை 18 அன்று செம்பூர் மாகுல் பகுதியில் பெருமழையில் சுவர் இடிந்து வீடுகள் மேல் விழுந்து 19 பேர் உயிரிழந்தனர்.

மண்ணை இளக்குவது எது?

காய்ந்த மண் ஒன்றையொன்று பற்றி நிற்கும். தண்ணீர் உள்ளே இறங்கினால் மண்ணின் பாரம் கூடும், பிடிப்போ குறையும். மேலே ஓடும் தண்ணீரும் சும்மா போவதில்லை. முதலில் விரல் அகலத்தில் கோடு கிழிக்கும். அடுத்த மழையில் அதுவே ஓடையாகும். பிறகு அஸ்திவாரக் கல் வெளியே தெரியும். ஆகவே தண்ணீரை ஒரே இடத்தில் தேங்கவும் விடக்கூடாது, வேகமாகப் பாயவும் விடக்கூடாது.

வாட்டம் முக்கியம்

கொத்தனார்கள் 'வாட்டம்' என்று சொல்வது இதைத்தான். வீட்டைச் சுற்றியுள்ள தரை, சுவரிலிருந்து வெளிப்பக்கம் தாழ்ந்து போக வேண்டும். பத்தடி தூரத்துக்கு அரையடி இறக்கம் இருந்தால் நல்லது. அவ்வளவு இடம் இல்லாத சந்துகளில் சுவரை ஒட்டி சிமெண்டுத் தளம் போட்டு, நான்கடிக்கு ஓர் அங்குலம் வீதம் வாட்டம் கொடுக்கலாம். பள்ளத்தை மணலாலும் இடிபாட்டுக் கல்லாலும் நிரப்பக் கூடாது. தண்ணீர் அதற்குள் இறங்கி அஸ்திவாரத்துக்கே போய்விடும். களி கலந்த மண்ணைப் போட்டுத் திமிசுக்கட்டையால் இடித்துக் கெட்டியாக்க வேண்டும். கூரைத் தண்ணீரைக் குழாய் வைத்து இறக்கி நேரே சாக்கடையில் சேர்க்க வேண்டும்.

ரயில்வே செய்யும் உபாயம்

நாகர்கோவில் ரயிலிலும் சென்னை ரயிலிலும் ஊருக்குப் போகிறவர்கள் கர்ஜத்தைத் தாண்டியதும் கண்டாலா மலையைப் பார்த்திருப்பார்கள். இருப்புப்பாதைக்காக மலையை வெட்டும் இடங்களில், வெட்டிய சரிவின் உச்சிக்கும் மேலே குறுக்காக ஒரு வாய்க்கால் எடுப்பது ரயில்வே வழக்கம். மேலிருந்து வரும் தண்ணீரைச் சரிவில் இறங்க விடாமல் பக்கவாட்டில் திருப்பிவிடும் வாய்க்கால் அது. குடியிருப்புக்கும் இதே உபாயம் பொருந்தும். ஆனால் அந்த வாய்க்காலுக்குக் கல்லோ சிமெண்டோ பாவ வேண்டும். வெறும் மண் வாய்க்கால் தண்ணீரைக் குடித்து, சரிவை மேலும் இளக்கிவிடும்.

கலுங்கு இல்லாத குளம்

கலுங்கு இல்லாத குளம் கரை உடைத்துக்கொள்ளும் என்பது கிராமத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். தடுப்புச் சுவரும் அப்படியே! சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் அதை முன்னால் தள்ளும். நாலைந்து அடிக்கு ஒன்றாக மூன்று அங்குலக் குழாய்களைச் சுவரில் வைத்து, பின்புறம் ஜல்லி நிரப்பினால் தண்ணீர் வடிந்துவிடும். குழாயில் துணியும் குப்பையும் அடைத்துக்கொள்ளாமல் மே மாதத்திலேயே சுத்தம் செய்ய வேண்டும்.

மண் தெரியும் சரிவில் வெட்டிவேர் நடலாம். கோடைக்குத் தண்ணீர்ப் பானையில் போடும் அதே வேர்தான்! அதன் வேர் பக்கத்தில் படராமல் நேர் கீழே இறங்கும். பத்தடி ஆழம் வரை கூடப் போகும். சரிவுக்குக் குறுக்கே, அரையடிக்கு ஒரு தூர் வீதம் வரிசையாக முதல் மழையில் நட்டால், ஓடும் மண்ணை வேலி போலத் தடுக்கும்.

தனி வீட்டின் வேலை அல்ல

மேல் வீட்டுக்காரர் திருப்பிவிட்ட தண்ணீர் கீழ் வீட்டுக்காரர் அடுப்படியில் நுழைந்தால் சண்டைதான் மிச்சம். வாய்க்கால் நாலா வரை தொடர்ந்து போக வேண்டும். அதற்கு வரிசை முழுவதும் கூடிப் பணமும் உழைப்பும் போட வேண்டும். கூடுதலாக ஓர் அறைக்கு ஆசைப்பட்டுக் குன்றின் அடிவாரத்தை வெட்டுவது மிகப் பெரிய ஆபத்து. ஒருவர் வெட்டினால் மேலே உள்ள பத்து வீடுகளுக்குக் கால் போகும்.

எப்போது வெளியேற வேண்டும்?

வாட்டமும் வாய்க்காலும் மண் அரிப்பைத் தடுக்கும். செங்குத்தாக நிற்கும் குன்றையோ, முன்பே இளகிவிட்ட சரிவையோ அவற்றால் நிறுத்த முடியாது. தரையில் புதிய வெடிப்பு, வயிறு தள்ளிய சுவர், சாய்ந்த மரம், திடீரென்று இறுகிக்கொள்ளும் கதவு, குழாயில் தெளிவாக வடிந்த நீர் சேறாக மாறுவது — இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்று இரவு அங்கே படுக்கக் கூடாது. அக்கம்பக்கத்தாரை எழுப்பி வெளியேற்றிவிட்டு, மாநகராட்சியின் 1916 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

பாத்திரம் பண்டம் எடுக்கத் திரும்பி உள்ளே போக வேண்டாம். ரேஷன் கார்டையும் பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, மழைக்காலம் முழுவதும் வாசற்படி அருகிலேயே மாட்டி வைப்பது நல்லது.