விறாந்தையில் ஒரு பட்டறை

கண்டி மஹையாவை மயானத்திலே ஜேம்ஸ் டெயிலரின் சமாதி இருக்கின்றது. பதினேழு வயது நிரம்பு முன்னரே, 1852 ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்திலிருந்து இலங்கை வந்தவர் அவர். ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் 1867 இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1892 இல் அத்தோட்டத்திலேயே காலமானார். இவையெல்லாம் பள்ளிப் பிள்ளைகள் மனனஞ் செய்தவையே. ஆயினும் அவர் வரலாற்றில் எம் மனத்தைக் கவர்ந்த செய்தி வேறொன்று. அவருடைய முதலாவது தேயிலைத் தொழிற்சாலை அவர் குடியிருந்த பங்களாவின் விறாந்தைதான்!

அவ்விறாந்தையிலே மேசைகளை இட்டு, வாடிய கொழுந்தை அவற்றின் மீது பரப்பி, தொழிலாளர் மணிக்கட்டு முதல் முழங்கை வரை கையை அழுத்தி உருட்டுவர். உருட்டிய இலையைக் களிமண் அடுப்பில் கரிநெருப்பின்மேல் காயவைப்பர். இவ்வேலையைக் கவனித்துக் கவனித்து, அந்தக் கை செய்வதை ஓர் இயந்திரம் செய்யலாகாதா என டெயிலர் எண்ணினார். 1872 இல் தம் யோசனைப்படி இலை உருட்டும் இயந்திரமொன்றைக் கண்டி நகரிலே செய்வித்தார். அக்காலக் கண்டியில் இது நடவாத காரியமன்று. கோப்பித் தோட்டங்களுக்கு வேண்டிய இயந்திரங்களுக்காக ஜோன் வோக்கர் என்பவர் 1854 இலேயே இங்கு பட்டறை தொடங்கியிருந்தார். மறு ஆண்டு லூல்கந்துரவிலிருந்து 23 இறாத்தல் தேயிலை இலண்டன் சென்றது. டெயிலரின் பெயர் கல்லிலே பொறிக்கப்பட்டது. மேசைமீது உருட்டிய கைகளுக்கு அப்பேறு கிட்டவில்லை.

எம் வீட்டு விறாந்தைக்கும் இக்கதைக்கும் என்ன தொடர்பு என நேயர்கள் வினவலாம். சொல்லுகிறோம்.

கடுகண்ணாவையில் 2014 இல் திறக்கப்பட்ட புகையிரத நூதனசாலைக்கு மாணவர் சிலரை அழைத்துச் சென்றிருந்தோம். 45 அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றத்தில் வண்டிகள் மூச்சு வாங்கி வந்து சேரும் இடம் அது. 1867 இல் கண்டிக்குப் பாதை திறந்த நாள் முதலாக அந்த ஏற்றம் இயந்திரங்களைச் சோதித்து வந்திருக்கிறது. பழைய நீராவி இயந்திரமொன்றின் அருகில் நின்று, நீராவி உருளைக்குள் எவ்வாறு புகுந்து வெளியேறுகிறது என விளக்கிக்கொண்டிருந்தோம். விளக்கம் நன்றாகவே அமைந்தது என்று எமக்குள் ஒரு திருப்தி. அவ்வேளையில் ஒரு பையன், “சேர், நீங்கள் இப்படி ஒன்றைச் செய்து பார்த்திருக்கிறீர்களா?” என்றான். துடுக்கல்ல, உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டான். இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையிலே நீராவி இயந்திரம் வரைந்த நாம், ஒரு பித்தளைத் துண்டையேனும் அரத்தால் தேய்த்து அறியோம். “இல்லை” என்று சொல்ல நேர்ந்தது.

இயந்திரங்களைச் சிறிய அளவிலே, உண்மையாக இயங்கும்படி வீட்டில் செய்து மகிழ்வது மேல்நாடுகளில் நெடுநாளைய பொழுதுபோக்கு. பேர்சிவல் மார்ஷல் என்பவர் இதற்கென்றே 1898 இல் இங்கிலாந்தில் ஒரு சஞ்சிகை தொடங்கினார். அதன் வாசகரிற் பலர் எழுதுவினைஞர்களும் ஆசிரியர்களும் கடைக்காரர்களுமே. இரண்டரை அங்குல அகலத் தண்டவாளத்தில் ஓடும் குட்டி இயந்திரம், நிலக்கரியை எரித்து, வளர்ந்த மனிதனொருவனை இழுத்துச் செல்லும் என 1920களில் அவர்களுள் ஒருவர் செய்து காட்டியபோது பெரும் விவாதமே எழுந்ததாம்.

நாம் அத்துணை பெரிய ஆசை கொள்ளவில்லை. விறாந்தையின் ஒரு மூலையில் பழைய மேசையொன்றைச் சுவரோடு சேர்த்து அறைந்து, அதன்மீது இரும்பு வைஸ் ஒன்றைப் பூட்டினோம். அரங்கள் நான்கு, இரும்பறுக்கும் வாள், கைத்துறப்பணம், புரிவெட்டும் கருவிகள், வேணியர் இடுக்குமானி, மூலதனம் இவ்வளவே. உருளையைக் கடைவதற்கு மட்டும் ஊரிலுள்ள லேத் பட்டறையை நாடினோம். கனத்த சில்லொன்று வேண்டியிருந்தது. பிலிமத்தலாவைப் பக்கத்திலே பித்தளை வார்ப்போர் இருக்கின்றனர் அல்லவா? அவர்களில் ஒருவர் மெழுகினால் உருச்செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்திற் பித்தளையை ஊற்றித் தந்தார். ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட பெருநூலில் கண்டிக் கம்மியரின் உலோக வேலைகளை விரிவாக எழுதியிருக்கிறார். அவற்றை வாசித்திருந்த எமக்கு, நேரிலே பார்த்தபோதுதான் மெழுகுருவில் கைரேகை பதிந்தாலும் பித்தளையில் அது தெரியும் என்பது விளங்கிற்று.

முதலிற் செய்தது ஊசலாடும் உருளை இயந்திரம். இதிலே தனியான அடைப்பான்கள் கிடையா. உருளையே ஓர் ஆணியைப் பற்றி முன்னும் பின்னும் ஆடும். அதன் முகத்திலுள்ள துவாரம் ஒரு புறம் சாயும்போது நீராவி வரும் வழியையும், மறுபுறம் சாயும்போது வெளியேறும் வழியையும் சந்திக்கும். இரண்டு முகங்களையும் ஒரு சுருள்வில் சேர்த்து அணைத்திருக்கும். படத்தைப் பார்த்தால் ஒரு நாள் வேலைதான். எமக்கு ஏழு வாரம் சென்றது. துவிச்சக்கரவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பினால் எவ்வளவு ஊதியும் சில்லு அசையவில்லை. பம்ப் பழுது என்றோம். சுருள்வில் போதாது என்றோம். கடைந்து தந்தவரையுங் கூட மனத்துக்குள் நொந்தோம். கடைசியில், எம் மாணவனே உருளையின் முகத்தில் மை பூசி, கண்ணாடித் தட்டின்மீது வைத்து எடுத்தான். மை நடுவிலே மட்டும் ஒட்டியிருந்தது. மட்டமென நாம் நம்பிய முகம் மேடாயிருந்தது! அரம் பிடிப்போர் கை ஆரம்பத்தில் ஊஞ்சல்போல் ஆடுமாம். ஓரங்கள் தேய்ந்து நடு எஞ்சும். கண்ணாடியின்மேல் எமரித் தாளை விரித்து, எட்டு வடிவமாக முகத்தைத் தேய்த்துத் தேய்த்துச் சமப்படுத்திய பின்பு ஒரே ஊதலிற் சில்லு சுழன்றது. வீட்டிலுள்ளோர் அனைவரும் சமையலை விட்டு ஓடி வந்தனர்.

காற்றினால் ஓட்டியதோடு நின்றுவிட்டோம் என்பதைப் பெற்றோர்க்காகச் சொல்லி வைக்கிறோம். கொதிகலன் விளையாட்டுப் பொருளன்று. செப்புத் தகட்டை வெள்ளிப் பற்றாசினால் இணைத்து, நீரை நிரப்பி, வேலை அமுக்கத்தின் இரு மடங்கு அமுக்கத்தில் சோதித்த பின்னரே அனுபவசாலிகள் அதன்கீழ் தீ மூட்டுவர். நீர் அமுங்காத பொருள்; சோதனையிற் கலன் பிளந்தாலும் ஒழுக்கோடு போகும். நீராவியானால் வெடிக்கும். இதனைக் கற்றறிந்தவர் உடனில்லாமற் பிள்ளைகளைக் கொதிகலன் செய்ய விடலாகாது.

பாடநூல் கற்பியாத ஒன்றையும் மேசை கற்பித்தது. கடுகண்ணாவை இயந்திரத்தைப் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைத்தால், பரப்பு 144 இல் ஒரு பங்காகும். கனவளவும் நிறையும் 1728 இல் ஒரு பங்காகும். எல்லாம் ஒரே விகிதமாகக் குறைவதில்லை. கொதிகலனுக்குள் இரண்டங்குலக் குழாய் ஆறிலோர் அங்குலமாகிப் புகைக்கரி அடைத்துவிடும். ஆகவே சிறிய இயந்திரத்திற்குக் குழாய்களின் எண்ணிக்கையைக் குறைத்து அகலத்தைக் கூட்டுவர். நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழலையும் அவ்வாறே சிறிதாக்கினால், மயிர்த்துளைத்தன்மையால் நீர் மேலேறி நின்று பொய் சொல்லும். எம் நாட்டு அகலப் பாதை ஐந்தரை அடி; பன்னிரண்டிலொன்றாக்கினால் ஐந்தரை அங்குலம். ஆங்கிலேயப் பொழுதுபோக்காளர் வழக்கமாக இடும் தண்டவாளமோ ஐந்தங்குலம். இலங்கை இயந்திரத்தைச் செய்பவன் பாதையையும் தானே செய்துகொள்ள வேண்டியதுதான்.

அவ்வாண்டு சரஸ்வதி பூசையன்று எம் மகன் புத்தகங்களோடு அரத்தையும் இடுக்குமானியையும் கொண்டுவந்து வைத்தான். எமக்குச் சற்றுத் தயக்கம். எண்ணெய்க் கறை படிந்த அரம் அல்லவா? எம் தாயார், “ஏன் யோசிக்கிறாய்? உன் பாட்டனார் காலத்தில் அரிவாள்மணைக்கும் பொட்டு வைத்தோம்” என்று சந்தனத்தை எடுத்து வந்தார். கையால் வேலை செய்பவன் ஒரு படி கீழானவன் என்ற எண்ணம் எமக்குள் எவ்வளவு ஆழமாகப் புகுந்திருக்கிறது என்பதை அன்று கண்டுகொண்டோம். அரத்தைப் பூசையறையில் வைக்கத் தயங்கியவர் பட்டம் பெற்ற நாம். தயங்காதவர் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட தாயார்.

அடுத்தது எதைச் செய்வது என்ற கேள்வி எழுந்தபோதுதான் டெயிலர் நினைவுக்கு வந்தார். ஹந்தானையில் 1925 ஆம் ஆண்டுத் தேயிலைத் தொழிற்சாலையொன்று நூதனசாலையாக விளங்குகிறது. அங்குள்ள பழைய உருட்டு இயந்திரங்களைப் பார்த்து வந்தோம். நடுவே மேடும் சுற்றிலும் வரிசையாகச் சட்டங்களும் கொண்ட ஒரு வட்ட மேசை, அதன்மேல் அடியில்லாத அகன்ற உருளை, உருளைக்குள் இலை. மூன்று வளைதண்டுகள் அந்த உருளையை மேசைமீது வட்டமாக நகர்த்தும். மேலிருந்து ஒரு மூடியைத் திருகினால் இலைமீது அமுக்கம் கூடும். மணிக்கட்டும் முழங்கையும் செய்த வேலையை இவ்வாறு இரும்பில் வார்த்திருக்கிறார்கள்.

பால்மாத் தகரத்தை உருளையாக்கினோம். பலகையிற் பித்தளைச் சட்டங்களைத் தைத்தோம். மூன்று வளைதண்டுகளையும் ஒவ்வொன்றாக அளந்து துளைத்தோம். பூட்டிச் சுற்றினால், அரை வட்டம் வந்ததும் இறுகி நின்றுவிட்டது. ஒன்று மற்றையவற்றினும் ஒரு மில்லிமீற்றர் நீண்டிருந்ததே காரணம். மூன்று தகடுகளையும் ஒன்றன்மேலொன்றாக அடுக்கி, வைஸில் இறுக்கி, ஒரே துளையாகத் துளைத்திருக்க வேண்டும். அளந்து சமமாக்குவதைவிடச் சேர்த்துத் துளைத்துச் சமமாக்குவதே பட்டறை வழக்கமென லேத்காரர் சிரித்துக்கொண்டு சொன்னார். அவ்வாறே செய்தோம். வெண்ணெய்போற் சுழன்றது.

வீட்டுப் பின்புறத்து நாலைந்து தேயிலைச் செடிகளிற் கொய்து, ஓரிரவு வாடவிட்ட கொழுந்தை உள்ளே இட்டோம். இலை சும்மா உலாவிற்றேயன்றி முறுக்கேறவில்லை. பெரிய இயந்திரத்தில் குவியலின் பாரமே இலையை இலையோடு நெருக்கும்; எங்கள் தகரத்திலிருந்தது ஒரு பிடி. கடுகண்ணாவைக் கணக்குத்தான் இங்கும்! பாரம் குறைந்தது, இலையோ குறையவில்லை. ஆகவே மூடியை இறுக்கத் திருகினோம். திறந்தபோது பச்சைத் துவையல்.

தோட்டத்தில் நெடுங்காலம் கொழுந்து பறித்து, இப்போது பிள்ளைகளோடு எமது அயலில் வாழும் மூதாட்டி ஒருவர் வேலியருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். லயத்தில் வாழ்ந்த நாளில் வீட்டுத் தேவைக்குக் கையாலேயே தேயிலை செய்தறிந்தவர். “நசுக்கிப்புட்டீங்களே தம்பி, முறுக்கணும்” என்று உள்ளே வந்து, ஒரு பிடி கொழுந்தைப் பலகையில் வைத்தார். உள்ளங்கையால் மெல்லத் தொடங்கி, முன்கை முழுவதும் படியும்படி உருட்டி, நடுநடுவே கையைத் தூக்கி இலையைக் குலைத்து, மீண்டும் உருட்டினார். சிறிது நேரத்தில் இலைகள் நூலாகச் சுருண்டு, நிறம் மாறத் தொடங்கின. மூடியை இடையிடையே தளர்த்த வேண்டும் என்பது அப்போது எமக்குப் புரிந்தது. பையன் கையிலிருந்த கொப்பியிலே, எத்தனை சுற்றுக்கு ஒரு முறை அவர் கையைத் தூக்குகிறார் என எண்ணி எழுதிக்கொண்டிருந்தான்.