சினைப்பைப் புற்றுநோய்: வைத்தியம் முடிய எத்தனை மாதம் ஆகும்?



"ஆபரேசன் பண்ணி கட்டியை எடுத்துட்டாங்க. இன்னும் எதுக்கு ஆஸ்பத்திரிக்கு அலையணும்?" குழுக் கூட்டங்களில் இப்படிக் கேட்கும் அக்காமார்கள் உண்டு. பெரும்பாலான பெண்களுக்கு ஆபரேசன் பாதி வைத்தியம்தான். மீதிப் பாதியை விட்டுவிட்டால் நோய் மறுபடி தலைதூக்கும். எவ்வளவு நாள் ஆகும் என்று முதலிலேயே தெரிந்தால் வீட்டையும் வேலையையும் அதற்கேற்ப ஒழுங்கு பண்ணிக்கொள்ளலாம்.

எப்படித் தெரியும்?

சினைப்பை அடிவயிற்றில் கர்ப்பப்பையின் இருபக்கமும் இருக்கிறது. வயிறு உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் போவது ஆகியவை இந்நோயின் அறிகுறிகள். "வாயுத் தொல்லை" என்று கசாயம் குடித்தே பல பேர் மாதங்களைக் கடத்திவிடுகிறார்கள். இரண்டு மூன்று வாரமாக இப்படி இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். முக்கியமாக, மாதவிலக்கு நின்ற பெண்கள் தள்ளிப்போடக்கூடாது. முகாமில் செய்யும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையில் இந்த நோய் தெரியாது. ஸ்கேனும் சி.ஏ.125 என்ற ரத்தப் பரிசோதனையும் வேண்டும்.

மாதக் கணக்கு

பொங்கல் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனதாக வைத்துக்கொள்வோம். பரிசோதனைகளுக்கு 2, 3 வாரம். தை கடைசியில் ஆபரேசன். கர்ப்பப்பை, இரண்டு சினைப்பை, நோய் பரவிய இடங்களை எடுப்பார்கள். ஒரு வாரம் போல ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டும். வீட்டுக்கு வந்ததும் ஆறு வாரத்துக்குக் குடம் தூக்குவது, களையெடுப்பது கூடாது.

புண் ஆற 3, 4 வாரம் விட்டு, மாசிக் கடைசியில் மருந்து ஏற்றத் தொடங்குவார்கள். இதைத்தான் கீமோ என்கிறோம். 21 நாளுக்கு ஒரு தடவை வீதம் மொத்தம் 6 தடவை. ஆனி மாதம் முடிந்துவிடும். உடம்பு தேற ஆடி ஆகிவிடும். ஆக மொத்தம் சுமார் ஆறு மாதம்.

நோய் வயிறு முழுக்கப் பரவியிருந்தால் முதலில் 3 தடவை மருந்து, பிறகு ஆபரேசன், பிறகு 3 தடவை மருந்து என்று மாற்றுவார்கள். அதற்கும் காலம் ஏறக்குறைய இதேதான். மிக ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் சிலருக்கு ஆபரேசனே போதும். சிலருக்கு ஆறு மாதத்துக்குப் பிறகும் நோய் திரும்பாமலிருக்க ஒன்று, இரண்டு வருடம் மாத்திரையோ ஊசியோ தருவதுண்டு.

மருந்து ஏற்றும் நாள்

அன்றைக்குக் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆகிவிடும். கூடவே ஒருவர் போகவேண்டும். ரத்தத்தில் வெள்ளை அணு குறைந்திருந்தால், "அடுத்த வாரம் வாம்மா" என்பார்கள். பயப்படவேண்டாம், அது நம் பாதுகாப்புக்குத்தான்.

இரண்டு, மூன்று வாரத்தில் முடி கொட்டும். வைத்தியம் முடிந்தபின் திரும்ப வளரும். வாந்தி, அசதி, கைகால் மதமதப்பு இருக்கலாம். டாக்டரிடம் சொன்னால் மருந்து தருவார்கள். ஆனால் காய்ச்சல் 100.4 டிகிரிக்கு மேல் போனால் மாத்திரை போட்டுப் படுக்கக்கூடாது. இரவானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அழகர் ஆற்றில் இறங்கும் நாள் இந்த மாதங்களுக்குள்தான் வரும். கும்பலில் தொற்று ஒட்டும். அந்த ஒரு வருடம் வீட்டிலிருந்தே கும்பிட்டுக்கொள்ளுங்கள்.

செலவுக்கு

மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் காட்டலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் வைத்தியமும் உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். அட்டை இல்லாதவர்கள் ரேசன் கார்டு, ஆதார், கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றோடு கலெக்டர் ஆபீசில் பதியலாம். சந்தேகத்துக்கு 1800 425 3993, கட்டணம் கிடையாது. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்ற வெளியூருக்குப் போனால் இரயில் கட்டணச் சலுகை உண்டு. டாக்டரிடம் சான்று வாங்கிக்கொள்ளுங்கள்.

முடிந்த பிறகு

முதல் இரண்டு வருடம் 3 மாதத்துக்கு ஒருமுறை காட்டவேண்டும். பிறகு இடைவெளி கூடும். இந்த நோய் சிலருக்குத் திரும்பி வரும் என்பதையும் மறைக்கவேண்டாம். சீக்கிரம் தெரிந்தால் திரும்பவும் வைத்தியம் செய்யலாம். அம்மா, அக்காவுக்கு இந்நோய் இருந்தால் மகள்களும் டாக்டரிடம் சொல்லி ஆலோசனை கேட்பது நல்லது.

குழு என்ன செய்யலாம்?

இரண்டு ஊசியோடு நின்றுபோகிறவர்கள் பெரும்பாலும் நோய்க்குப் பயந்து நிற்பதில்லை. கூலி போகிறது, பஸ்சுக்குக் காசில்லை, கூடவர ஆளில்லை, தவணை கட்டவேண்டும் என்றுதான் நின்றுவிடுகிறார்கள். அந்த ஆறு தேதிகளையும் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு தேதிக்கும் ஒருத்தர் கூடப் போக முறை வையுங்கள். ஆறு மாதத்துக்குக் கடன் தவணையைத் தள்ளிவைக்க அடுத்த கூட்டத்தில் பேசுங்கள். ஆறாவது ஊசி போட்டு வரும் வரை அவரைத் தனியே விடாமல் பார்த்துக்கொள்வது நம் எல்லோருடைய பொறுப்பு.