'எஸ்' எழுத்தும் ஒரு சிறு கோடும்

தாய்மாரே, பிள்ளையின் ஆங்கிலக் கொப்பியைப் புரட்டிப் பாருங்கள். 'எஸ்'ஸைக் கண்டாலே அதன்முன் மேலே ஒரு சிறு கோட்டைத் தொங்கவிட்டிருப்பார்கள். 'அப்பொஸ்ட்ரொபி' எனும் அவ்வடையாளம் பன்மைக்குரியதன்று. 'புக்ஸ்' என்றெழுத அது வேண்டியதில்லை. இங்கிலாந்தில் இப்பிழைக்குக் 'காய்கறிக் கடைக்காரரின் அப்பொஸ்ட்ரொபி' என்றே கேலிப்பெயருண்டு. விலைப்பலகைகளில் கண்டு வைத்த பெயர்!

அது உடைமைக்குரியது, நமது 'உடைய' போல. எங்கே இடுவது? உரியவரை முதலில் முழுமையாக எழுதட்டும். ஒரு சிறுமியின் பை என்றால் 'கேர்ள்' முடிந்ததும் அடையாளம், பிறகு எஸ். சிறுமிகளின் பைகள் என்றால் 'கேர்ள்ஸ்' முடிந்த பின்னரே அடையாளம். மற்றோர் எஸ் வேண்டாம். தமிழிலும் 'கள்' முந்தி, 'இன்' பிந்தித்தானே வருகிறது? 1900இல் கொழும்பில் தொடங்கிய லேடீஸ் கொலிஜின் பெயரில் அடையாளம் கடைசியில் நிற்பது இதனாலேயே. 'சில்ரன்' என்பதோ எஸ் இல்லாமலே பன்மை. ஆகவே அதற்கு அடையாளமும் எஸ்ஸும் இரண்டும் தேவை.

பெரியவர்களையும் ஏமாற்றுவது 'இட்ஸ்'தான். 'அதனுடைய' என்ற பொருளில் அடையாளமே கிடையாது. 'இட் இஸ்' சுருங்கும்போது, விழுந்துபோன 'ஐ' எழுத்தின் இடத்தில் அது வரும்.