கடைசி 400 மீட்டர்

டோபி காட் நிலையத்தில் ஊதாப் பாதை ரயிலில் ஏறினால், லிட்டில் இந்தியாவுக்கு அடுத்த நிறுத்தம் ஃபேரர் பார்க். சிங்கப்பூரின் முதல் குதிரைப் பந்தயம் 1843 பிப்ரவரி 23 அன்று அங்கேதான் நடந்தது. அதே நிலையத்தில் சிவப்புப் பாதைக்கு மாறி வடக்கே போனால் கிராஞ்சி. கடைசிப் பந்தயம் 2024 அக்டோபர் 5 அன்று அங்கே ஓடி முடிந்தது. நடுவில், 1933 முதல் 1999 வரை, புக்கிட் தீமா.

ஃபேரர் பார்க்கை ஒட்டிய ரேஸ் கோர்ஸ் சாலைக்கு மீன்தலைக் கறி சாப்பிடப் போகிறவர்களில் பலருக்கு அந்தப் பெயர் வெறும் முகவரி. சாப்பிட்டு முடித்ததும் ஒரு 400 மீட்டர் நடந்து பாருங்கள். எனக்கு ஐந்து நிமிடம் ஆகிறது. பந்தயத்தின் கடைசி 400 மீட்டரைக் கடக்கக் குதிரைக்கு ஏறத்தாழ 24 நொடி போதும். எந்த நொடியில் குதிரையை முழுதாக விடுவது என்ற ஜாக்கியின் முடிவு பெரும்பாலும் அந்த 24 நொடிக்குள்ளோ, அதற்குச் சற்று முன்போ விழுகிறது.

முழு வேகத்திலேயே தொடக்கம் முதல் ஓடினால் என்ன? குதிரையின் உடம்பு அதற்கு இடம் தராது. மூச்சில் வரும் ஆக்சிஜனைக் கொண்டு தசை உண்டாக்கும் ஆற்றல் மாத வருமானம் மாதிரி: அளவோடு, விடாமல் வரும். ஆக்சிஜன் போதாதபோது தசை தனக்குள்ளேயே எரித்து எடுப்பது சேமிப்பு. அதைத் தொட்டால் வேகம் கூடும், ஆனால் சீக்கிரம் கரைந்துவிடும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நாலுகால் பாய்ச்சலில் ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சுதான். களைத்துவிட்டோமே என்று கூடுதலாக இரண்டு மூச்சு இழுத்துக்கொள்ள குதிரையால் முடியாது. சேமிப்பு எல்லைக்கோட்டுக்கு முன்பே தீர்ந்தால் கால் கனக்கும். கோட்டைத் தாண்டிய பிறகும் மிச்சம் இருந்தால் அது யாருக்கும் பயன்படாது.

கடைசி நேரத்தில் பின்னாலிருந்து பறந்து வருகிறதே ஒரு குதிரை, அது பல சமயம் வேகத்தைக் கூட்டுவதே இல்லை. முன்னே போனவை தளர்கின்றன, இது அவற்றைவிடக் குறைவாகத் தளர்கிறது, அவ்வளவுதான். கூட்டம் எழுந்து நின்று கத்துவது, ஒரு நிமிடம் முன்பு யாரும் கவனிக்காத சிக்கனத்துக்காக.

அந்தச் சிக்கனத்தில் பெரும்பங்கு காற்றை ஏய்ப்பது. மணிக்கு 60 கிலோமீட்டரில் காற்று சுவர்போல் எதிர்க்கும். முன்னே ஓடும் குதிரையின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினால் அந்தச் சுவரை உடைப்பது அதன் வேலை. பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட கணக்கின்படி, பந்தயத்தின் முக்கால் பங்கை இப்படி ஒதுங்கி ஓடும் குதிரை மூன்று நான்கு இடம் முன்னேறி முடிக்கலாம்.

ஆனால் ஒதுங்கிய இடமே கூண்டாகவும் ஆகும். உள்வேலியை ஒட்டி ஓடினால் தூரம் குறைவு. முன்னும் பக்கமும் குதிரைகள் அடைத்துக்கொண்டால் வழி கிடையாது. வெளியே இழுத்தால் வழி உண்டு, தூரம் கூடும். அரைவட்ட வளைவில் ஒரு மீட்டர் வெளியே தள்ளி ஓடினால் கூடுதல் தூரம் 3.14 மீட்டர். ஒரு குதிரையின் நீளம் சுமார் 2.4 மீட்டர். பள்ளிக்கூடத்துப் 'பை' (π) அங்கே ஒரு பந்தயத்தையே தின்றுவிடும். இடைவெளி திறக்கும் வரை காத்திருப்பதா, சுற்றிக்கொண்டு போவதா? யோசிக்க ஒரு நொடி எடுத்தால் குதிரை 16 மீட்டர் கடந்திருக்கும். எனவே அது மூளையைவிடக் கையில் இருக்கிற அறிவு: கடிவாளம் எவ்வளவு இழுக்கிறது, நேர்பாதையில் குதிரை முன்காலை மாற்றிக்கொண்டதா, மூச்சு சீராக இருக்கிறதா என்று விரல்கள் படித்துக்கொண்டே இருக்கும்.

பெரிய கைகளும் பிசகியிருக்கின்றன, இரண்டு முறை ஒரே திடலில். அமெரிக்காவின் சர்ச்சில் டவுன்ஸில் 1957 கென்டக்கி டெர்பியில், ஜாக்கி பில் ஷூமேக்கர் எல்லைக்கு நூறு மீட்டர் முன்பிருந்த கம்பத்தையே எல்லைக் கம்பம் என்று நினைத்துச் சேணத்தில் எழுந்துவிட்டார். உடனே அமர்ந்தார். என்றாலும் அவருடைய குதிரை கேலண்ட் மேன் மூக்கு அளவில் தோற்றது. 2010-இல் அதே திடலில், அதுவரை ஓடிய 19 பந்தயங்களையும் வென்றிருந்த ஸென்யாட்டா என்ற குதிரை வெகுதூரம் பின்தங்கியிருந்து எழும்பி வந்தது. தலை அளவில் தோற்றது. பழி தன்னுடையதே என்று ஜாக்கி மைக் ஸ்மித் கண்ணீரோடு சொன்னார். ஒருவர் முந்திக்கொண்டார், மற்றவர் பிந்திவிட்டார். இரண்டுக்கும் இடையே இருந்த சரியான கணம் எவ்வளவு ஒடுங்கியது என்பதை எண்ணும்போதெல்லாம் அந்த இருவர்மீதும் எனக்கு மதிப்பு கூடுகிறது.

இதைத் திறமை என்பதா, அதிர்ஷ்டம் என்பதா? தமிழ்நாடு 1974-இல் குதிரைப் பந்தயச் சூதாட்டத்தைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தது. சென்னைப் பந்தய வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1996-இல், இது திறமையின் ஆட்டம் என்று தீர்ப்பளித்தது. பணம் கட்டிக் குடும்பம் அழிந்தவர்களின் துயரம் அந்தத் தீர்ப்பால் குறைந்துவிடாது. ஆனால் சேணத்தின்மேல் இருப்பவரைப் பற்றி நீதிமன்றம் சொன்னது சரி என்றே நினைக்கிறேன்.

கிராஞ்சி நிலம் வீடுகளுக்கும் மற்றப் பயன்பாடுகளுக்கும் அரசிடம் போகிறது. ஃபேரர் பார்க்கில் மிஞ்சியிருப்பது ஒரு சாலையின் பெயர். அங்கே அடுத்த முறை இறங்கும்போது உங்கள் கைக்கடிகாரத்தில் 24 நொடி எண்ணிப் பாருங்கள். பாதி எண்ணுவதற்குள் ஜாக்கி முடிவெடுத்திருப்பார்.