அப்பாவின் இருமல்

"வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததாம்மா?" என்று மதுரையில் மூட்டு டாக்டர் கேட்டபோது, "இல்லை டாக்டர்" என்று சொல்லிவிட்டேன். ஐம்பது வருஷமாக எங்கள் வீட்டில் பழகிப்போன பதில் அது, யோசிக்காமலே வந்தது. 1974இல் அப்பா இருமிக்கொண்டே ஆஸ்டின்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போனார். கேட்டவர்களிடமெல்லாம் அம்மா "மாரில் சளி" என்றுதான் சொன்னார். எனக்கு அப்போது பதினோரு வயது. தாண்டிக்குடியில் ஒற்றை அறை வீடு. மார்கழிப் பனிக்கு ஜன்னலைத் திறக்கவே மாட்டோம். அப்பாவின் கம்பளிக்குள்தான் தூங்குவேன்.

பஸ் வத்தலக்குண்டைத் தாண்டி மலையேறும்போது அந்தக் கம்பளி ஞாபகத்துக்கு வந்தது. மறுநாள் டாக்டரைப் போனில் பிடித்து உள்ளதைச் சொன்னேன். "நல்ல வேளை, ஊசி போடுறதுக்கு முன்னாடி சொன்னீங்கம்மா" என்றார்.

எனக்கு வந்திருப்பது முடக்குவாதம். எங்கள் பக்கம் சரவாங்கி என்பார்கள். காலையில் பத்து மணி வரை விரல் மடங்காது. ஊர்ப் பள்ளியில் டீச்சராக இருந்த கடைசி இரண்டு வருஷம் சாக்பீஸைப் பிடிக்கவே சிரமப்பட்டேன். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் எங்கள் தோட்டத்திலேயே வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட், தினமும் கொஞ்சம் ஸ்டீராய்டு என்று வருஷங்கள் ஓடியும் வீக்கம் வற்றவில்லை. அதனால்தான் டாக்டர் பயாலஜிக் ஊசிக்கு வந்தார். எனக்கு எழுதியது அடாலிமுமாப். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, 40 மில்லிகிராம்.

இந்த ஊசிக்கும் காசநோய்க்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவே பல நாள் ஆனது. மலைக்காரர்களுக்குச் சோலார் வேலியை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். காட்டுமாடு தோட்டத்துக்குள் நுழையாமல் வேலியில் மின்சாரம் ஓட விடுகிறோம். நம் உடம்பில் அப்படி ஓடுகிற ஒன்றுதான் டி.என்.எஃப். என்ற புரதம். காசநோய்க் கிருமி நுரையீரலுக்குள் வந்தால் வெள்ளணுக்கள் அதைச் சூழ்ந்து சிறு முடிச்சாகக் கட்டி அடைத்துவிடும். அந்த முடிச்சு அவிழாமல் காப்பது டி.என்.எஃப். உள்ளே கிருமி சாகாமல் பல பத்தாண்டுகள் தூங்கும். முடக்குவாதத்தில் இதே புரதம் அளவுக்கு மீறிச் சுரந்து மூட்டுகளை அரிக்கிறது. வீட்டுக்காரரையே அடிக்கும் வேலி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊசி போட்டு மின்சாரத்தை நிறுத்தினால் மூட்டுக்கு நிம்மதி. ஆனால் மூட்டில் மட்டும் நிறுத்த வழியில்லை. நுரையீரலிலும் வேலி செத்துப்போகிறது.

டி.என்.எஃபைத் தடுத்தால் முடக்குவாதம் அடங்கும் என்று நிரூபித்தவர்கள் லண்டனில் வேலை செய்த மார்க் ஃபெல்ட்மனும் ரவீந்தர் மைனியும். மைனி லூதியானாவில் பிறந்தவர். 1992இல் முதல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த வகையில் வந்த இன்ஃப்ளிக்சிமாப் பரவலாகப் புழங்கத் தொடங்கிய பிறகு, 2001இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. அந்த மருந்து எடுத்தபின் காசநோய் வந்த 70 பேரைப் பற்றியது. 48 பேருக்கு மூன்று தடவைக்குள்ளாகவே நோய் தலைகாட்டிவிட்டது. 40 பேருக்கு நுரையீரலுக்கு வெளியிலும் பரவியிருந்தது. இவ்வளவு சீக்கிரம் வந்ததே, தூங்கிக்கொண்டிருந்த பழைய கிருமி விழித்துக்கொண்டதன் அடையாளம். அதற்குப் பிறகுதான், ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை என்பது கட்டாய வழக்கமானது.

நம் நாட்டில் இதை லேசாக எடுத்துக்கொள்ளவே முடியாது. 2019–21 தேசியக் கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 31 சதவீதம் பேர் உடம்பில் இந்தக் கிருமி புகுந்த தடம் இருக்கிறது. பெரும்பாலானோருக்கு அது நோயாக மாறாது, அவர்களிடமிருந்து யாருக்கும் ஒட்டவும் செய்யாது. வேலியை அணைக்கப் போகிறவர்களின் கதைதான் வேறு.

முதலில் எக்ஸ்ரே. அதோடு, இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா, மாலைக் காய்ச்சலா, ராத்திரி வியர்வையா, எடை குறைந்ததா என்ற கேள்விகள். பிறகு மான்டூ. முன்கையில் தோலுக்குள்ளேயே ஒரு சொட்டு மருந்து ஏற்றி, 48 மணியிலிருந்து 72 மணி நேரத்துக்குள் தடிப்பை அளக்க வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு 5 மில்லிமீட்டர் தடித்தாலே கணக்கு. திங்கட்கிழமை போட்டால் புதனோ வியாழனோ மறுபடி மலையிறங்க வேண்டும். எனக்கு மதுரையில் தங்க அக்கா வீடு இருந்தது. பண்ணைக்காட்டிலோ மன்னவனூரிலோ நாள்கூலிக்குப் போகிற பெண் இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு எப்படி வருவாள்? தடிப்பை அளக்காமலே விட்டுப்போன மான்டூ எத்தனையோ இருக்கும் என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

என் கையில் தடிப்பே வரவில்லை. சந்தோஷப்பட்டேன். டாக்டர் சந்தோஷப்படவில்லை. ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பு மந்தமாகி, கிருமி இருந்தும் தோல் சும்மா இருக்கலாம். மெடிக்கலில் வலிக்கென்று உதிரியாகப் பிரித்துத் தரும் மாத்திரையிலும் ஸ்டீராய்டு இருக்கக்கூடும். நானே பெயர் தெரியாமல் பல மாதம் விழுங்கியிருக்கிறேன். சாப்பிட்டதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

அடுத்து இக்ரா என்கிற ரத்தப் பரிசோதனை. ஒரே தடவை ரத்தம் கொடுத்தால் போதும், சின்ன வயதில் போட்ட பி.சி.ஜி. தடுப்பூசி இதைக் குழப்பாது. அதில் பாசிட்டிவ். எக்ஸ்ரேயிலும் வலது பக்கம் மேலே ஆறிப்போன சிறு வடு. அப்பாவின் இருமல் என் நெஞ்சுக்குள் இத்தனை வருஷம் இருந்திருக்கிறது. மான்டூவும் இக்ராவும் கிருமி இருப்பதைத்தான் சொல்லும். தூங்குகிறதா, விழித்துவிட்டதா என்று பிரித்துச் சொல்லாது. அதனால் சளியையும் சோதித்து, இப்போது நோய் இல்லை என்று உறுதி செய்த பிறகே தடுப்பு சிகிச்சை தொடங்கியது.

ஆறு மாதம் தினமும் ஐசோனியாசிட், நரம்பு மரத்துப்போகாமல் இருக்கப் பைரிடாக்சின். வாரம் ஒரு தடவை வீதம் 12 வாரத்தில் முடிகிற இன்னொரு முறையும் உண்டு. இந்த வகை ஊசி தொடங்கப் போகிறவர்களுக்கு இச்சிகிச்சை தர வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டுதல் சொல்கிறது. அரசு மருத்துவமனையில் இதற்குக் காசில்லை. மெத்தோட்ரெக்சேட்டும் சேர்வதால் ஈரலுக்குச் சுமை. மாதாமாதம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒரு மாதம் மாத்திரை சாப்பிட்ட பிறகு முதல் அடாலிமுமாப். ஐஸ் பெட்டியில் வைத்து மலையேற்றி, பிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கிறேன். உறையவும் கூடாது.

மாத்திரைப் பட்டையைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, "உங்களுக்கு டி.பி.யா டீச்சர்?" என்று கதவருகிலேயே நின்றாள். அம்மாவின் பயம் எதைக் கண்டு என்று அன்றைக்குப் புரிந்தது. அப்பாவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் இருந்தது. ஆனால் 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் ஆஸ்பத்திரியில் படுத்தவர் அளவுக்கே குணமாகும் என்று 1959லேயே உலகத்துக்குச் சொல்லியிருந்தது. வீட்டாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்தில்லை என்பதையும் அடுத்து வந்த ஆய்வில் காட்டியது. நம் சென்னையில் கண்டறிந்த சேதி பதினைந்து வருஷம் கழித்தும் எங்கள் வீட்டுக்கு வந்து சேரவில்லை. பக்கத்து வீட்டுக்காரியை உட்கார வைத்துக் காப்பி கொடுத்து, சோலார் வேலிக் கதையை அவளுக்கும் சொன்னேன்.

இந்த வருஷம் காப்பிப் பழம் நானே பறித்தேன். மார்கழியில் ஒரு இருமல் பிடித்தது. பதினைந்து நாளாகியும் விடவில்லை. ஊசி தொடங்கிவிட்டால் இருமலோ கழுத்துக் கட்டியோ காய்ச்சலோ எதையும் தள்ளிப்போடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். சளியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சீட்டில், வீட்டில் யாருக்காவது காசநோய் என்ற இடத்தில் 'அப்பா, 1974' என்று எழுதினேன். முடிவு வரும்வரை அந்த வாரத்து ஊசி பிரிட்ஜிலேயே இருந்தது.