மோட்டார் வாகன வானொலியும் எழுந்தடங்கும் அலைவாங்கியும்

கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையே, ஒருபால் வங்கக் கடலும் மறுபால் நெல்வயலும் சூழ அமைந்த ஊர் ஒலுவில். இக்கரையில் வாழ்வோர்க்கு வானொலி பொழுதுபோக்குக் கருவி மட்டுமன்று. 1978 நவம்பரில் மட்டக்களப்புக் கரையைத் தாக்கிய சூறாவளியையும், 2004 டிசெம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலையையும் இப்பகுதி மறத்தற்கில்லை. ஆழிப்பேரலையில் இலங்கையின் மாவட்டங்களுள் மிகுதியான உயிரிழப்பை எய்தியது அம்பாறையே. பெருங்காற்று வீசும்போது மின்கம்பங்கள் சாய்வதும் வீட்டு விளக்குகள் அணைவதும் இயல்பு. அந்நேரத்தில் முற்றத்தில் நிற்கும் காரோ வேனோ தன் பற்றரியின் வலிமையால் செய்தியை ஏந்தித் தரவல்லது. ஆனால் அவ்வானொலி உரியவாறு இணைக்கப்பட்டிருத்தல் வேண்டும். பழைய பெட்டியை அகற்றிப் புதியதைப் பொருத்துங்கால் பெரிதும் பிழைபடுவது அலைவாங்கியின் இணைப்பே. அதன் இயல்பையும், இணைக்கும் முறையையும் ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண், பழைய பெட்டியை அகற்ற நேர்வதேன் என்பதை நோக்குதல் வேண்டும். நம் நாட்டு வீதிகளில் ஓடும் கார்களிலும் வேன்களிலும் பல யப்பானில் ஓடிப் பின் இங்கு இறக்குமதியானவை. யப்பானில் பண்பலை ஒலிபரப்புக்கு நெடுங்காலம் ஒதுக்கப்பட்டிருந்த வரிசை 76 முதல் 90 மெகாஹேட்ஸ் வரையுள்ளது. அண்மைக் காலத்தில் அது 95 வரை நீட்டப்பட்டது. இலங்கையிலோ பண்பலை நிலையங்கள் ஏறத்தாழ 88 முதல் 108 வரையுள்ள வரிசையில் இயங்குகின்றன. ஆகவே யப்பானியப் பெட்டி நம் நிலையங்களுட் சிலவற்றையே பற்றும். ஏனையவை அதன் எல்லைக்கு அப்பாற்பட்டன. இதனாலேயே உரிமையாளர் வேறு பெட்டி பொருத்த விழைகின்றனர். 2020இல் வாகன இறக்குமதி தடைப்பட்டு, 2025இலேயே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளிற் பழைய வாகனங்களைப் பேணி வைத்தோர் பலர். மோட்டரால் எழுந்து அடங்கும் அலைவாங்கி அத்தகைய பழைய வாகனங்களிலேயே மிகுதியாகக் காணப்படுவது.

இனி, அலைவாங்கி நீண்டிருப்பதன் காரணம் யாது? மின்காந்த அலை வினாடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீற்றர் செல்வது. அதிர்வெண் 100 மெகாஹேட்ஸ் ஆயின் அலைநீளம் 3 மீற்றர். அதன் காற்பங்கு 75 சென்ரிமீற்றர். நிலைக்குத்தாக நிற்கும் கம்பி இந்நீளத்தை அடையும்போது அவ்வலையை நன்கு ஏற்கும். வாகனத்தின் உலோக உடலும் இதில் மற்றொரு பாதியெனப் பணிபுரிகின்றது. ஆதலின் கம்பி பாதி எழுந்து நின்றாலும், அதன் அடி உடலுடன் நன்கு தொடாதிருந்தாலும் ஒலி குன்றும். மத்திய அலைக்கோ இக்கணக்குப் பொருந்தாது. 1 மெகாஹேட்ஸ் அலையின் காற்பங்கு 75 மீற்றர் ஆதலால், எவ்வாகனமும் அத்தகைய கம்பியைச் சுமத்தல் இயலாது. கிடைத்த சிறு நீளத்தைக் கொண்டே பெட்டி அதனைப் பெறுகின்றது.

எழுந்தடங்கும் அலைவாங்கியின் அமைப்பு எளியது. ஒன்றனுள் ஒன்று செருகிய குழாய்கள். அவற்றை உந்தவும் இழுக்கவும் பற்கள் அமைந்த நைலோன் வடம். வடத்தை ஓட்டும் சிறு மோட்டர். மோட்டரின் திசையை மாற்றும் றிலே ஆகியன அதன் உறுப்புக்கள். அதற்குப் பொதுவாக மூன்று இணைப்புக்கள் வேண்டும். முதலாவது, சாவி அணைந்தபோதும் பற்றரியிலிருந்து ஓயாது மின் தரும் கம்பி. இரண்டாவது, உடலுடன் சேரும் புவிக்கம்பி. மூன்றாவது, வானொலி ஏவும் கட்டளைக்கம்பி. கட்டளைக்கம்பியில் 12 வோற்று வந்தால் அலைவாங்கி எழும். அது நீங்கினால் அடங்கும்.

இங்கு மாணாக்கர் ஒரு வினாவை எழுப்பலாம்: மோட்டருக்கும் கட்டளைக்கும் தனித்தனிக் கம்பி எதற்கு? ஒரே கம்பி போதாதோ? விடை இதுவாம். அலைவாங்கி அடங்க வேண்டியது வானொலி அணைந்த பின்னரே. அப்போது அதே கம்பியிலிருந்து மின்னும் நின்றுவிடின், மோட்டரை இயக்க யாது எஞ்சும்? எழுந்தது எழுந்தபடியே நிற்கும். ஆகவே வலிமை ஓயாத கம்பியிலிருந்தும், ஏவல் வானொலியிலிருந்தும் வருதல் இன்றியமையாதது. உழைப்பவன் ஒருவன், கட்டளையிடுபவன் வேறொருவன் என்பதை உணர்ந்தால் ஏனைய யாவும் தெளிவாகும்.

தனியே வாங்கும் வானொலிப் பெட்டிகளிற் கம்பி நிறங்களுக்குப் பெருவழக்கான முறையொன்று உண்டு. மஞ்சள் ஓயாத மின்னுக்கும், சிவப்பு சாவியுடன் வரும் மின்னுக்கும், கறுப்பு புவிக்கும் உரியன. நீலம் அலைவாங்கிக்கு உரியது. நீலத்தில் வெள்ளைக்கோடிட்டது ஒலிபெருக்கியை எழுப்புவதற்கு. நீலக்கம்பியைப் பல பெட்டிகள் வானொலி ஒலிக்கும்போது மட்டும் உயிர்ப்பிக்கும். வெள்ளைக்கோடிட்டதோ பெட்டி இயங்கும் வரை உயிருடனிருக்கும். இதனை அறியாது பின்னையதில் அலைவாங்கியைச் சேர்த்தால், இசைத்தட்டைக் கேட்கும்போதும் கம்பி எழுந்து நிற்கும். ஒன்றையே இரண்டுக்கும் வைத்த பெட்டிகளும் உளவாதலால், பெட்டியுடன் வரும் கைந்நூலை நோக்குதல் நலம். வாகனத்தின் கம்பிகளுக்கோ இந்நிறமுறை பொருந்தாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி நிறமிடும்.

ஆதலின் பழைய பெட்டியைக் கழற்றுமுன்னரே அளத்தல் அறிவுடைமை. பெட்டியின் பின்புறக் கம்பிகளிற் சாவி அணைந்தபோதும் 12 வோற்று காட்டுவது ஓயாதது. வானொலியைத் தொடக்கினால் 12 வோற்றும், நிறுத்தினாற் சுழியும் காட்டி, அத்தோடு அலைவாங்கியும் எழுந்து அடங்கின் அதுவே கட்டளைக்கம்பி. இதனைக் குறித்துக்கொண்ட பின் பற்றரியின் எதிர்முனையைக் கழற்றி வேலையைத் தொடங்குதல் வேண்டும். முற்றும் அகற்றிய பின் தேடுவோர், ஊகத்தின் மேல் ஊகம் அடுக்கி உருகிகளை இழப்பர்.

அடுத்து, மின்னோட்டத்தின் அளவு. நீலக்கம்பி ஏவலுக்கே அமைந்தது. பல பெட்டிகளில் அது தரக்கூடியது 300 மில்லி அம்பியர் அளவினதே. மோட்டரோ பல அம்பியர் வேண்டுவது. மோட்டரை நேரே நீலக்கம்பியிற் கட்டினால் பெட்டியின் உள்ளுறுப்பு எரிந்து போகும். அலைவாங்கியுள் றிலே இருப்பின் அச்சமில்லை. ஏனெனில் 80 ஓம் தடையுள்ள றிலேச் சுருள் 12 வோற்றில் 0.15 அம்பியரே கொள்ளும். அலைவாங்கியும் ஒலிபெருக்கியும் ஒரே கம்பியில் தொங்க நேரின் அளவு மிகலாம். அப்போது தனி றிலே ஒன்றை இடையிலிடுக. அதன் 86ஆம் முனையில் நீலக்கம்பியையும், 85இற் புவியையும், 30இல் உருகி வழியே பற்றரியையும், 87இற் கட்டளைக்கம்பியையும் சேர்த்தல் முறையாகும். சுருளிற் பாயும் மின் நிற்குங்கால் எதிர்த்தெழும் அழுத்தம் பெட்டியைத் தாக்காதவாறு, சுருளுக்குக் குறுக்கே இருவாயி ஒன்றை, அதன் கோடிட்ட முனை 86ஐ நோக்க, இணைத்தலும் நன்று.

வாகனத்தில் அலைவாங்கியின் தன்னியக்கப் பகுதி முற்றும் பழுதாகி, மோட்டரின் இரு கம்பிகள் மட்டுமே எஞ்சியிருத்தலும் உண்டு. அதற்கு நீலக்கம்பி உதவாது. கையை எடுத்தால் நடுநிலைக்கு மீளும் இருதிசை ஆளியொன்றைத் தனி உருகியுடன் பொருத்தி, எழும் வரையும் அடங்கும் வரையும் அழுத்துவதே பாதுகாப்பான வழி.

புதிய வாகனங்கள் பலவற்றில் எழும் கம்பியே இல்லை. கண்ணாடியிற் படிந்த மெல்லிய கோடுகளே அலைவாங்கி. எனினும் அவற்றிற்கும் இக்கதை பொருந்தும். அக்கோடுகளின் அருகே சிறிய அலைபெருக்கி ஒன்று உண்டு. அதற்கும் 12 வோற்று வேண்டும். புதிய பெட்டியைப் பொருத்திய பின் அருகிலுள்ள நிலையங்கள் மட்டும் கேட்டு, தொலைவிலுள்ளவை இரைச்சலுடன் மறையின், பெட்டியைப் பழிப்பதன் முன் நீலக்கம்பி அவ்வலைபெருக்கியைச் சேர்ந்ததா என நோக்குக. சில வாகனங்களில் அம்மின் அலைவாங்கி வடத்தின் நடுக்கம்பி வழியே செல்வதால், இடையே தனித் தகவமைப்பி தேவைப்படும்.

பொதுவாக நேரும் பிழைகள் இரண்டு. கட்டளைக்கம்பியைச் சாவியுடன் வரும் மின்னிற் கட்டினால், வானொலி அணைந்திருந்தும் அலைவாங்கி எழுந்தே நிற்கும், மரக்கிளையில் முறியும். ஓயாத மின்னிற் கட்டினாலோ அது ஒருபோதும் அடங்காது. கண்ணாடி அலைபெருக்கியாயின் இரவும் பகலும் மின்னை உறிஞ்சிப் பற்றரியைத் தளர்த்தும். பெருங்காற்று நாளில் செய்தியும் கேளாது, குடும்பத்தை ஏற்றிச் செல்ல வாகனமும் கிளம்பாது நிற்கும் அவலம் இத்தகைய சிறு கவனக்குறைவாலும் விளையக்கூடும்.

கடற்கரை ஊருக்கு உரிய குறிப்பொன்று கூறி அமைவோம். உப்புக்காற்றும் நுண்மணலும் குழாய்களிற் படிந்து அவற்றை ஒன்றோடொன்று இறுக்கும். இறுகிய கம்பியை இழுக்க முயலும் மோட்டர் வடத்தின் பற்களைத் தேய்க்கும். எனவே எழுந்த நிலையிற் குழாய்களை ஈரத்துணியால் துடைத்து உலர்த்தி, மெல்லிய எண்ணெயைச் சிறிதளவு பூசி மீண்டும் துடைத்தெடுத்தல் வேண்டும். தடித்த கொழுப்பு மணலைப் பிடித்துவைக்குமாதலால் ஆகாது. அடியிலுள்ள நீர்வடிகுழாய் அடைபடாதிருத்தலும், புவிக்கம்பி சேருமிடம் துருவின்றி இருத்தலும் இன்றியமையாதன.

ஒரு கம்பி வலிமை தருவது. மற்றொன்று கட்டளை தருவது. பிறிதொன்று இரண்டையும் புவியிற் சேர்ப்பது. இம்மூன்றின் தொழிலையும் பகுத்தறிந்து இணைப்பவன், பெட்டியையும் பற்றரியையும் காத்தவனாவான். இடர்ப்பொழுதில் தன் வீட்டார்க்குச் செவியொன்றைத் திறந்து வைத்தவனும் அவனே.